லண்டன் டீச்சர்

எமீமாள் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினாள். எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆள் இல்லாத பக்கத்தில் நேரம் குறைய ஆரம்பித்தது. அரை மணி நேரத்துக்குள் வராதவர் தோற்றவர் என்று நடுவர் மைக்கில் சொல்லியிருந்தார். வராமல் போகட்டும் என்று நினைத்தாள், அப்படி நினைத்ததற்காக உடனே உள்ளுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள், யாரிடம் என்று தெரியாமலே. கோவில்பட்டியில் அது ஒரு கல்யாண மண்டபம். மேடையில் நேற்றைக்கு முந்தினநாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் இன்னும் ஒட்டியிருந்தன, மணமகன் பெயரில் பாதி உதிர்ந்துவிட்டிருந்தது, சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டையும் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கூடம் முழுக்க நீள மேசைகள், அறுபது பலகைகள், நூற்று இருபது பேர், ஆனால் மின்விசிறிகளின் கறகற சத்தமும் கடிகாரங்களைத் தட்டும் சத்தமும் தவிர வேறில்லை. இவ்வளவு பேர் பேசாமல் இருக்கும் இடம் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வெளியே இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றும். வழக்கமாக அது அவளுக்குப் பிடிக்கும். இன்றைக்குப் பிடிக்கவில்லை. காலையில் யார் யாருடன் ஆட வேண்டும் என்ற தாளைச் சுவரில் ஒட்டியபோது தன் பெயரைத் தேடி விரலை ஓட்டினாள், பதினேழாவது பலகை, வெள்ளை, எமீமாள், பக்கத்தில் கறுப்பு, கெத்சியாள். வேறு கெத்சியாளாக இருக்கும் என்று ஒரு விநாடி தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள். தமிழ்நாட்டில் செஸ் ஆடுகிற கெத்சியாள் வேறு யார்.

பைபிளில் யோபுவுக்குப் பின்னாளில் பிறந்த மூன்று பெண்மக்களின் பெயரைத்தான் தன் பெண்களுக்கு வைப்பேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றாராம். எமீமாள், கெத்சியாள். மூன்றாவது பிறக்கவில்லை, கேரேனாப்புக் என்ற பெயரிலிருந்து ஒரு பெண் தப்பித்தாள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அம்மா போய் நாலு வருஷம். அடக்கத்துக்குக் கெத்சி வந்தாள், குழிக்கு அந்தப் பக்கம் நின்றாள், ஒரு பிடி மண் போட்டாள், வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனாள். அதற்கும் ஐந்து வருஷம் முன்னால் பேச்சு நின்றது. ஆக ஒன்பது வருஷம். கெத்சி மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், தனியாக இருக்கிறாள், மறுபடியும் செஸ் ஆட ஆரம்பித்திருக்கிறாள் என்பதெல்லாம் அவர் இவர் சொல்லித் தெரிந்ததுதான். இரண்டு வருஷமாக எமீமாள் எந்தப் போட்டிக்குப் பேர் கொடுப்பதற்கு முன்னாலும் ஆடுகிறவர்கள் பட்டியலைத் திறந்து ‘கெ’ வரிசையைப் பார்ப்பாள். அந்தப் பெயர் இருந்தால் அந்த வாரம் இவளுக்கு வீட்டில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். இந்தத் தடவையும் பார்த்தாள், இல்லை. கடைசி நாளில் சேர்ந்திருக்கிறாள். அவளும் ‘எ’ வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தாளோ என்று ஒரு யோசனை வந்தது. அதை அதற்கு மேல் போகவிடவில்லை, ஏனென்றால் பன்னிரண்டாவது நிமிஷத்தில், நீலக் குர்தாவில், தோள்பையைக் கழற்றியபடி, இரண்டு மேசைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து கெத்சி வந்துகொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை. அம்மாவுக்கு நரைத்த அதே இடத்தில்.

கை கொடுக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் கை கொடுப்பது வழக்கம், கொடுக்காவிட்டால் நடுவர் வந்து கேட்பார். எமீமாள் எழுந்திருக்கலாமா உட்கார்ந்தே இருக்கலாமா என்று பாதி எழுந்து நின்றாள். கெத்சி கையை நீட்டினாள், இவள் பிடித்தாள். குளிர்ந்த கை, பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்த கை, ஒரு விநாடிகூட இல்லை, விட்டுவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, தாளில் தன் பெயரை எழுதி, எதிராளி என்ற இடத்தில் எமீமாள் என்று எழுதினாள். தலைகீழாக இருந்தாலும் எமீமாளால் படிக்க முடிந்தது, அந்த ‘ள்’ளுக்கு அடியில் தேவையில்லாமல் ஒரு சுழி, பள்ளிக்கூடத்தில் எத்தனை அடி வாங்கியும் போகாத சுழி. பிறகு கெத்சி தன் ராணிச் சிப்பாயை எதிரே நிறுத்திக் கடிகாரத்தை அழுத்தினாள். இப்போது இவள் முறை. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, யோசித்ததே இல்லை, இருபத்தெட்டு வருஷமாக இரண்டாவது நகர்த்தலில் எமீமாள் ஆடுவது ஒன்றுதான். கறுப்புக் கட்டத்து மந்திரியை எடுத்தாள், நாலாவது வரிசையில் வைத்தாள். ஊரெல்லாம் மந்திரி என்று சொல்லும் அந்தக் காயை இங்கிலீஷில் பிஷப் என்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் அதைப் பேராயர் என்றுதான் சொன்னார்கள். பேராயர் வெளியே போனார், பேராயர் திருமண்டலச் சுற்றுப்பயணம் கிளம்பிட்டார், பேராயரை அடிச்சிட்டேன் எக்கா, சபையிலிருந்து தள்ளி வச்சிருவாங்க. ஒன்பது வயதுக் கெத்சி ஊர் வாசகசாலை பெஞ்சில் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்த சத்தம் ஒரு விநாடி காதுக்குள் வந்து போனது. எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை.

அந்த வாசகசாலையில் செஸ் புத்தகம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. முன்னட்டை கிடையாது, முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் கரையான் தின்றுவிட்டது, மிஞ்சியது லண்டன் சிஸ்டம் என்ற ஒரு அத்தியாயம் மட்டும். அதனால் உலகத்தில் செஸ் ஆட்டத்தை அப்படித்தான் தொடங்குவார்கள் என்றே இருவரும் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். எமீமாளுக்கு அது அப்படியே உடம்போடு ஒட்டிக்கொண்டது. சிப்பாய், பேராயர், பக்கத்துச் சிப்பாய் ஒரு கட்டம், அதற்கு அந்தப் பக்கத்துச் சிப்பாய் ஒரு கட்டம், மூன்றும் சேர்ந்து ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி நிற்கும், அப்புறம் குதிரைகள், அப்புறம் ராஜாவை ஓரமாகக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்த வேண்டியது. எதிராளி என்ன ஆடினாலும் சரி. அதுதான் அதன் சுகம். கறுப்பு என்ன செய்கிறது என்று முதல் எட்டு நகர்த்தலுக்கு நிமிர்ந்துகூடப் பார்க்க வேண்டாம். பாளையங்கோட்டையில் அவள் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் லண்டன் டீச்சர் என்பார்கள், போட்டிகளிலும் அதே பேர்தான், டீச்சர் இன்னிக்கும் லண்டனா என்று கேட்பார்கள், ஆமாப்பா டிக்கெட் எடுத்தாச்சு என்பாள். தோற்றால் வேறு எங்கோ செய்த தப்பினால் தோற்றதாக இருக்கும், தொடக்கத்தினால் இருக்காது. அந்த நிம்மதிக்காகவே ஆடினாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் தன்னோடு சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் இப்போது எதிரே இருக்கிறாள். கூரைக்கு எந்த ஓடு ஆடும் என்று தெரிந்தவள். கெத்சி மூன்றாவது சிப்பாயைத் தள்ளினாள், குதிரையை எடுத்தாள், நாலாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே கொண்டுவந்து வைத்தாள். பேராயர் வெளியே போனதால் காவல் இல்லாமல் நிற்கும் அந்தச் சின்னச் சிப்பாயைக் கண்கொட்டாமல் பார்த்தபடி நின்றது ராணி.

அது ஒன்றும் புதுசில்லை. எத்தனையோ பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள், அதற்கும் இவளிடம் பதில் இருக்கிறது, தன் ராணியை நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினால் போதும். நிறுத்தினாள். பெரும்பாலும் ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டு ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். கெத்சி வெட்டவில்லை. சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினாள், எமீமாளின் ராணி ஒதுங்கியது, ஒதுங்கின ராணிக்கு எதிரிலேயே கெத்சி தன் பேராயரைக் கொண்டுவந்து வைத்தாள். எடுத்துக்கோ என்று வைத்தாள். எடுக்கலாம், ராணியால் அந்தப் பேராயரைச் சும்மா எடுக்கலாம், எடுத்தால் கெத்சியின் ராணி உள்ளே இறங்கிச் சிப்பாயைத் தின்று மூலையில் நிற்கும் யானையை வளைத்துவிடும். அந்தப் பொறியைப் பதினோரு வயதில் கெத்சியே கண்டுபிடித்தாள், புத்தகத்தில் இல்லாதது, ஒரு முழுச் சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்து, சாப்பிடக்கூட வராமல், எக்கா வந்து பாரேன் எக்கா வந்து பாரேன் என்று. அன்றைக்கும் பார்க்கப் போகவில்லை. என்ன வேலையோ. ராணி வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அது ஒன்றுதான் வழி. திருப்பினாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் இவள் சொல்லும் வழிதான் என்ற நினைப்பு தடுக்கும் முன் வந்துவிட்டது. வந்ததும் அந்த மத்தியானமும் கூடவே வந்தது.

மார்ச் மாதம். பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு விடைத்தாள் கட்டு மேசை மேல். இரண்டரை மணி இருக்கும், வாசலில் கெத்சி. கட்டிக்கொடுத்த சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள், தலை ஈரமாக இருந்தது, குளித்துவிட்டுத் துவட்டாமல் கிளம்பின மாதிரி, ஒரு கால் செருப்பின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. உள்அறையில் எமீமாளின் மாமியார் படுத்திருந்தாள், தூங்குகிறாளா இல்லையா என்று எப்போதும் தெரியாது. அதனால் எமீமாள் தங்கையை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள், அதனால் மெதுவாகப் பேசினாள். கெத்சி என்னவோ சொன்னாள். இடது மணிக்கட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டே சொன்னாள். அவள் புருஷன் டேவிட்சன் சபையில் எல்லோருக்கும் பிடித்தவன், பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுபவன், அடக்க வீடுகளில் முதல் ஆளாகப் பந்தல்கால் பிடிப்பவன், அவனா என்று எமீமாளுக்கு நம்புவதற்கே ஒரு நிமிஷம் ஆனது. நம்பவில்லை என்று இல்லை. நம்பினாள். நம்பியும் சொன்னாள். எல்லா வீட்லயும் இருக்கதுதான் கெத்சி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போ. ஒரு பிள்ளை பிறந்தா சரியாயிரும். நாலே முக்காலுக்கு நேர் பஸ் இருக்கு, இருட்டுதுக்கு முன்ன போய்ச் சேந்திரலாம், தேடப்போறான். ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. டீ போட்டது, சர்க்கரை கூடிப்போனது, பஸ் நிலையம் வரை கூடவே போனது, ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்தது. கை காட்டினாள். கெத்சி காட்டவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்துவிட்டு, ஒரு நாள் கட்டின புடவையோடு மதுரைக்குப் போனாள். போகிற வழியில்தான் பாளையங்கோட்டை இருந்தது. இறங்கவில்லை. இந்த ஒன்பது வருஷமும் எமீமாள் தனக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறாள். கெத்சி கேட்பாள், ஏன் என்னை உன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை என்று. அதற்கான பதில் அத்தனையும் தயார். மாமியார் இருந்தாள், இருப்பதே இரண்டு அறை, டேவிட்சன் வந்து வாசலில் நின்றால் நான் என்ன செய்வேன், ஊர் என்ன சொல்லும், நான் வேலைக்குப் போகிறவள். அடுக்கடுக்காக வைத்திருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் போகும்போது, ஜெபத்தின் நடுவில், எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பாள். இன்றைக்குத்தான், இந்த மேசையில்தான், ஒரு இடத்தில் இடறியது. அடுப்படியில் கெத்சி என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள். தன் வார்த்தை ஒவ்வொன்றும் இருக்கிறது, சர்க்கரை கூடினது இருக்கிறது, அறுந்த வார் இருக்கிறது, கெத்சியின் வாய் அசைவதுகூட இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை.

“அட்ஜஸ்ட்.”

எமீமாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கெத்சிதான் சொன்னாள். கட்டத்தின் கோட்டை மிதித்துக்கொண்டு சாய்ந்து நின்ற தன் குதிரையை இரண்டு விரலால் நடுவில் நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். காயைத் தொட்டால் ஆடியாக வேண்டும் என்பது விதி, ஆடாமல் சரிசெய்து மட்டும் வைக்க வேண்டுமென்றால் தொடுவதற்கு முன் இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், இந்தக் கூடத்தில் ஒரு நாளைக்கு நூறு பேர் நூறு தடவை சொல்கிறார்கள், எமீமாளே எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஒன்பது வருஷத்தில் தங்கை தன்னிடம் பேசின முதல் வார்த்தை. வேண்டுமென்று சொன்னாளா. முகத்தில் ஒன்றும் இல்லை, குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், குதிரை உண்மையாகவே சாய்ந்துதான் இருந்தது. ஆனால் வேண்டுமென்று சொல்லாத வார்த்தைக்கா காது இப்படிச் சுடும். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. வயிறு சரியில்லை என்று நடுவரிடம் சொன்னால் போதும், தோல்வி என்று எழுதிவிட்டு விடுவார், ஒரு மணிக்குள் திருநெல்வேலி பஸ்ஸில் உட்கார்ந்துவிடலாம். கடிகாரத்தில் தன் நேரம் ஓடுவதைப் பார்த்தாள். பத்தாவது நகர்த்தல், மறுபக்கத்துப் பேராயரை ஒரு கட்டம் தள்ளி வை, அதற்கடுத்து ராஜாவைப் பத்திரப்படுத்து. கை தன்பாட்டுக்குப் பேராயரை எடுத்து வைத்தது. கெத்சி தன் ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோனாள். மறுபடியும் இவள் முறை வந்தது. பத்து நிமிஷம் போயிற்று. நடுவர் அந்தப் பக்கமாக வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்.

எதிராளியிடம் பேச விதியில் இன்னொரு வார்த்தைக்கும் இடம் உண்டு. எமீமாள் அதைச் சொன்னாள், தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக. “டிரா?” சமமாக முடித்துக்கொள்வோமா என்று கேட்பதுதான். ஆளுக்கு அரைப் புள்ளி, கையெழுத்து, கைகுலுக்கல், எல்லோரும் அவரவர் பஸ்ஸுக்கு. கெத்சி முதல்தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று எமீமாள் நினைத்தாள். கோபம் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகட்டை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்க்கிறவளின் முகம். “எதுக்கு?” என்றாள். எமீமாள் தன் தாளைப் பார்த்தாள். “பத்து மூவ்தான் ஆயிருக்கு” என்றாள் கெத்சி. பிறகு, “ஆடு.” ஆடுக்கா என்று சொல்லவில்லை. வெறும் ஆடு. பக்கத்துப் பலகைக்காரர் திரும்பிப் பார்த்தார், இருவரும் குனிந்துகொண்டார்கள். எமீமாள் பலகையைப் பார்த்தாள். எப்போதும் பார்க்கிற மாதிரித் தன் பக்கத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்து, நிறுத்தினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தாள். கெத்சியின் ராணி அங்கேயே நிற்கிறது. அவள் சிப்பாய்கள் ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு வருகின்றன, இன்னும் நாலு நகர்த்தலில் இவள் கூரை மேல் ஏறும். ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஒன்றும் ஆகாது, மெதுவாக, மூச்சு முட்டி, நாற்பது நகர்த்தலில் தோற்கலாம். எத்தனை ஆட்டம் அப்படித் தோற்றிருக்கிறாள், வேறு எங்கோ செய்த தப்பு என்று எழுதியிருக்கிறாள். கூரையின் ஒரு மூலையில் நிற்கும் சிப்பாயைப் பார்த்தாள். அதை ராஜா பத்திரமாகும் முன் தள்ளியதே இல்லை. தள்ளினால் அதன்மேல் பாய எதிரே மூன்று காய்கள் நிற்கின்றன, காவலுக்கு ஒரே ஒரு குதிரை. சிப்பாய் போகும், ராஜா நடுவில் வெட்டவெளியில் நிற்கும். அதற்கு அப்புறம் என்ன என்று தெரியவில்லை. சிப்பாயைத் தள்ளினாள். கடிகாரத்தை அழுத்தினாள்.

கெத்சி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். பதினெட்டு நிமிஷம் யோசித்தாள், எமீமாள் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு சிப்பாயை அடித்தாள், அடித்த காயை மேசையோரத்தில் சத்தம் கேட்காமல் வைத்தாள். அதற்கப்புறம் நடந்ததை எமீமாளால் பின்னாலும் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. நகர்வுத் தாளில் இருக்கிறது, ஆனால் அது அவள் கையெழுத்து மாதிரியே இல்லை. ஒவ்வொரு தடவையும் கெத்சி ஒரு காயை வைத்ததும், இவள் எதற்காக வைத்தாள், இவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டியிருந்தது. கேட்காமல் ஆட ஒரு நகர்த்தல்கூடக் கைவசம் இல்லை. இந்த யானை ஏன் இங்கே வந்தது. பயந்து வந்ததா, அடிக்க வந்ததா. வேர்வை காதோரமாக இறங்கிக் கழுத்துக்குப் போனது, துடைக்கவில்லை. தன் ராஜா ஒரு தடவை மயிரிழையில் தப்பியது, இன்னொரு தடவை கெத்சியின் ராஜா வெறுங்காலோடு ஓடுகிற மாதிரி மூன்று கட்டம் ஓடியது. கெத்சி தலைமுடியை இரண்டு கையாலும் பின்னுக்குத் தள்ளினாள், குழந்தையில் சிக்கலான கணக்கு வந்தால் செய்வாளே அது. அவளையும் யோசிக்க வைத்துவிட்டேன் போல என்று எமீமாளுக்கு ஒரு ஓரத்தில் ஏதோ லேசாக ஆடியது, சந்தோஷம் என்று சொல்ல முடியாது, அதற்கு நேரமும் இல்லை, இருவர் கடிகாரத்திலும் ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போய்விட்டது. சுற்றியிருந்த மேசைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. யாரோ இருவர் பின்னால் வந்து நின்று, லண்டன் டீச்சர் கேமா இது என்று கிசுகிசுத்தார்கள். முப்பத்தெட்டாவது நகர்த்தலில் எமீமாளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தொன்றில் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. கையை நீட்டினாள். “தோத்துட்டேன்” என்றாள். கெத்சி கையைப் பிடித்தாள். இந்தத் தடவை அவள் கையும் ஈரமாக இருந்தது.

தாள்களில் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். கெத்சி எழுந்திருக்கவில்லை. காய்களை விறுவிறுவென்று பின்னுக்கு நகர்த்தி ஒரு நிலைமையைக் கொண்டுவந்தாள், இருபத்தேழாவது நகர்த்தல். “இங்கன குதிரையக் கொடுத்திருக்கணும் நீ” என்றாள், குரல் கரகரத்தது, மூன்று மணி நேரம் அதிகம் பேசாதிருந்த குரல். “ராஜாக்கு முன்ன நிக்க சிப்பாய அடிச்சிருந்தா நான் காலி. அதத்தான் பயந்துக்கிட்டே இருந்தேன்.” எமீமாள் பார்த்தாள். ஆமாம், இருந்தது. “தெரியல” என்றாள். “அந்த மாதிரி இடத்துக்கே நான் வந்ததில்ல.” கெத்சி அந்தக் குதிரையைத் தொட்டபடி இருந்தாள். “அந்தச் சிப்பாய எதுக்குத் தள்ளினே? உன் ஆட்டம் இல்லியே அது.” நடுவர் வந்து, ஆட்டம் முடிந்தவர்கள் வெளியே போய்ப் பேசுங்கம்மா என்றார். இருவரும் எழுந்தார்கள். மாடிப்படியில் கெத்சி முன்னே, இவள் இரண்டு படி பின்னே. கீழே பந்திக் கூடத்தில் சாம்பார் வாசனையும் பேச்சுச் சத்தமும். பாதிப் படியில் எமீமாள் நின்றாள். இத்தனை வருஷம் அடுக்கி வைத்த பதில்கள் எல்லாம் வாய் வரைக்கும் வந்தன, மாமியார், இரண்டு அறை, ஊர், வேலை. ஒன்றையும் எடுக்கவில்லை.

“கெத்சி, அன்னைக்கு வீட்டுக்கு வந்தேல்லா. அடுப்படில வச்சு நீ என்ன சொன்னே?”

கெத்சி திரும்பினாள். இரண்டு படி கீழே நின்றதால் முகத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. “உனக்குத் தெரியாதா?”

“நான் சொன்னதுதான் ஞாபகம் இருக்கு. நீ சொன்னது இல்ல. இன்னைக்குத்தான் பாத்தேன், இல்ல.”

மேலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள், அக்காவும் தங்கையும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் போகும் வரை கெத்சி கைப்பிடிக் கம்பியில் இருந்த பெயிண்ட் பொருக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். “நான் அங்க திரும்பிப் போகமாட்டேன்னு சொல்ல வரல” என்றாள். “உன் வீட்ல வச்சுக்கோன்னும் கேக்கல. மூணு ராத்திரி தூங்கவிடல அவன். நீ பேப்பர் திருத்துதேல்லா, அந்த மேசைக்கு அடியில ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கிட்டு எந்திரிச்சுப் போயிருதேன், எழுப்பாத, அவ்வளவுதான் கேட்டேன். நீ அதுக்குப் பதிலே சொல்லல. நாலே முக்கால் பஸ்ஸப் பத்திச் சொன்னே.”

எமீமாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் யாரும் கேட்காத கேள்விக்கு வாதாடியிருக்கிறாள். மேசைக்கு அடியில் இடம் இருந்தது. பாய்கூட அங்கேயேதான் சுருட்டி வைத்திருக்கும். மாமியார் எழுந்து வந்து கேட்டிருந்தால்கூட, தலைவலி, படுத்திருக்கா என்று ஒரு வார்த்தை போதும். ஒரு மணி நேரம். விடைத்தாள் பத்துத் திருத்தும் நேரம். நான் உன்னை, என்று தொடங்கினாள், தொடங்கினது எங்கே போகும் என்று தெரிந்ததால் நிறுத்திக்கொண்டாள், அதுவும் ஏற்கெனவே தயாராக இருந்த வாக்கியம்தான். அழுகை வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கெத்சி அவளைத் தூக்கிவிடவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. “பஸ்ல ஏறினதும் தூங்கிட்டேன்” என்றாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி. “சாயர்புரத்தத் தாண்டிப் போயிட்டேன். கண்டக்டர்தான் எழுப்பினாரு. திரும்பி வந்து சேரையில எட்டு மணி.” அதற்கு மேல் அன்று எட்டு மணிக்கு என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. எமீமாள் கேட்கவும் இல்லை, அவள் சொல்வதாக இருந்தால் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அப்படி இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாததால் பல் வலித்தது.

அடுத்த சுற்று மூன்று மணிக்கு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கெத்சி தோள்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். எமீமாள் கைப்பிடியை ஊன்றி எழுந்து பின்னாலேயே போனாள். மண்டப வாசலில் வெயில் தரையிலிருந்து எழும்பிக் கண்ணைக் கூச வைத்தது. இடதுபக்கம் பஸ் நிலையம், வலதுபக்கம் நிழலான வேப்பமரத்தடியில் ஒரு டீக்கடை. கெத்சி வாசலில் நின்று, புருவத்துக்கு மேல் கையை வைத்து, சாலையைப் பார்த்தாள். டீ குடிப்போமா என்று எமீமாளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தங்கை எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று தெரியாமல், அவள் திரும்புகிற வரைக்கும், வெயிலில் நின்றாள்.